செக் மொழிக்காரருக்கு ஆங்கிலம்: சொற்பட்டியல் எங்கே சறுக்குகிறது?

சில வருடங்களுக்கு முன் செக் நாட்டின் ப்ர்னோ நகரத்து டீமோடு வேலை பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அங்கிருந்து மெயில்: "ஈவென்சுவலி, பழைய வெர்ஷனுக்குத் திரும்புவோம்." முடிவே எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, நாங்கள் இரண்டு பேர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஏற்பாடு செய்தோம். காலையில் கேட்டால், "தேவைப்பட்டால்னுதானே எழுதினேன்" என்கிறார். செக்கில் 'எவென்துவால்ன்யே' என்றால் 'தேவைப்பட்டால்'. ஆங்கிலத்தில் அதே முகமுள்ள சொல்லுக்கு 'கடைசியில்' என்று பொருள்.

அப்புறம்தான் செக்காரர்களுக்கான அன்றாட ஆங்கிலச் சொற்பட்டியல்களைத் தேடிப் பார்த்தேன். நான் பார்த்தவற்றில் மூன்று கட்டங்கள்: ஆங்கிலச் சொல், செக் பொருள், செக் எழுத்தில் உச்சரிப்பு.

முதல் சிக்கல் மூன்றாவது கட்டத்தில். செக், ஏறக்குறைய எழுதியபடியே படிக்கும் மொழி. அதனால் வாசகர் அந்தக் கட்டத்தை அப்படியே நம்புவார். ஆனால் 'மோசம்' எனப் பொருள்படும் 'பேட்'டில் வரும் வாயகன்ற உயிரொலி செக்கில் இல்லை. அதையும் படுக்கையின் 'பெட்' மாதிரியே எழுதிவிடுகிறார்கள். போதாததுக்கு, சொல்லின் கடைசியில் வரும் அதிர்வொலி செக் வாயில் அதிர்வை இழந்துவிடும். விளைவு? மோசம், படுக்கை, வௌவால், பந்தயம், இந்த நாலுக்குமான ஆங்கிலச் சொற்கள் ஒரே ஒலியாகின்றன.

இதுக்கு வழி இல்லாமல் இல்லை. கடைசி மெய் அதிர்வொலியாக இருந்தால், ஆங்கிலத்தில் அதற்கு முந்தைய உயிர் கொஞ்சம் நீளும். குறில் நெடில் வேறுபாடு செக்கில் ஏற்கெனவே உண்டு, காது பழகியிருக்கிறது. "படுக்கையில் கொஞ்சம் இழு, பந்தயத்தில் சட்டென்று வெட்டு" என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் பார்த்த பட்டியல்களில் அது இல்லை.

இரண்டாவது சிக்கல் பொருளில். தட்டு, கரண்டி, நிறங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஏமாற்றும் சொற்களுக்குத்தான் எச்சரிக்கை இல்லை. 'அக்துவால்னி' என்றால் தற்போதைய. ஆங்கில 'ஆக்சுவல்' அது இல்லை. 'கிம்னாசியும்' உடற்பயிற்சிக் கூடம் இல்லை, மேல்நிலைப் பள்ளி. பேச்சுச் செக்கில் 'நோ' என்றால் பெரும்பாலும் 'ஆமா'!

நியாயமாகச் சொன்னால், முதல் வாரத்துக்குப் பட்டியல் உதவும். நானும் யோக்கியனில்லை: மேற்குத் திசைக்கும் உள்சட்டைக்கும் ஆங்கிலத்தில் முதல் ஒலி வேறு, நம் எழுத்தில் இரண்டுமே 'வெஸ்ட்'தான். செக்காரர்களுக்கும் இதே இடத்தில்தான் தடுமாற்றம்.

வேடிக்கை என்னவென்றால், நல்ல வழியைக் காட்டியவர் அவர்கள் ஊர்க்காரரே. மொராவியாவில் 1592இல் பிறந்த கொமென்ஸ்கி, 1658இல் நியூரம்பர்கில் வெளியிட்ட படப்புத்தகத்தில் லத்தீனையும் ஜெர்மனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சொற்களைத் தனியாக அடுக்காமல் வாக்கியத்துக்குள் வைத்து, படத்தின் பகுதிகளோடு எண்களால் இணைத்தார். வாக்கியத்துக்குள் வரும்போது சொல்லின் வேலை தெரியும். அந்த வெள்ளிக்கிழமைச் சொல்லையும் என் நண்பர் அப்படி இரண்டு வாக்கியங்களில் படித்திருந்தால், நாங்கள் தூங்கியிருப்போம்.