கவனக் குறையா, உணர்வுக் குறையா? நியூமன் கருதுகோள் குறித்த ஒரு மதிப்பீடு

சைக்கோபதிப் பண்புடையோர் அச்சம் குன்றியவர் என்னும் கருத்து, 1957இல் டேவிட் லிக்கன் வெளியிட்ட ஆய்வால் வலுப்பெற்றது. மின்னதிர்ச்சியைத் தவிர்க்கக் கற்பதில் அவர்கள் பின்தங்கியதை அவ்வாய்வு காட்டியது. இக்கருத்துக்கு எதிராக எழுந்த வாதங்களுள் குறிப்பிடத்தக்கது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் நியூமனுடையது. ஓர் இலக்கில் பதிந்த கவனத்தை, அதன் புறத்தே வரும் செய்திக்குத் திருப்ப இயலாமையே அடிப்படைக் குறை என்பார் அவர்.

இதற்கு வலுவான சான்று, 2010இல் அவர் குழுவினர் 125 ஆண் சிறைக்கைதிகளிடம் நடத்திய சோதனை. திரையில் சிவப்பிலும் பச்சையிலும் எழுத்துகள் தோன்றும்; சிவப்பைத் தொடர்ந்து மின்னதிர்ச்சி வரக்கூடும். திடீர் ஒலிக்குக் கண் இமைக்கும் வலிமையைக் கொண்டு அச்சம் அளக்கப்பட்டது. நிறத்தைக் கூறப் பணித்தபோது, சைக்கோபதி மதிப்பெண் மிகுந்தோரிடம் அச்சக்குறைவு ஏறத்தாழக் காணப்படவில்லை. எழுத்து பெரியதா சிறியதா எனக் கூறப் பணித்தபோதோ, மதிப்பெண் கூடக்கூட அச்ச எதிர்வினை குறைந்தது. மனிதரும் அதிர்ச்சியும் அவையே. வினா மட்டுமே வேறு.

ஆயினும் இம்முடிவைக் கொண்டு ‘உணர்வு பழுதற்றது’ என உரைப்பது மிகைக்கூற்று. அங்கு அளக்கப்பட்டது தன் உடலுக்கு வரும் ஊறு பற்றிய அச்சமே. சைக்கோபதியின் சமூகக் கொடுமையோ பிறர் துன்பத்தைப் பொருட்படுத்தாமையில் உள்ளது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ இச்சோதனை இடம் தரவில்லை.

இவ்விடத்தில் மார்க் டாட்ஸ் குழுவினரின் 2006ஆம் ஆண்டு ஆய்வு கூடுதல் ஒளி தருகிறது. பரிவுணர்வு குன்றிய சிறுவர்கள் படங்களிலுள்ள அச்சமுற்ற முகங்களை இனங்காணத் தடுமாறினர். கண்களைப் பார்க்குமாறு அறிவுறுத்தியதும் அத்தடுமாற்றம் தற்காலிகமாக நீங்கியது. இனங்காணல் வேறு, இரங்குதல் வேறு என்பதை மறக்கலாகாது. எனினும் இதில் எழும் வினா முக்கியமானது: பிறர் சொல்லாமலே நம் பார்வையை அஞ்சியவரின் கண்களை நோக்கி ஈர்ப்பது எது? அமிக்டலாவுக்கு அதில் பங்குண்டு என்பதை அவ்வுறுப்புச் சிதைந்த நோயாளிகள் பற்றிய ஆய்வுகள் உணர்த்துகின்றன. அவ்வாறாயின் கவனம், உணர்வு என்னும் இருமைப் பகுப்பே ஐயத்துக்குரியதாகிறது. எதைக் கவனிப்பது என்னும் தெரிவிலேயே உணர்வு ஏற்கெனவே பணிபுரிகிறது.

சிகிச்சை நோக்கில் இவ்வேறுபாடு சிறிதன்று. ஆய்வாளர் பணித்தால் கவனிக்க இயலும் ஒருவர், பணிக்க எவருமில்லாத தெருவில் கவனிப்பாரா என்பதை ஆய்வகச் சோதனைகள் இன்னும் தொடவில்லை.