எந்தத் திரையில் படிக்கிறார்கள்? திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் கூகுள் அனலிட்டிக்ஸ்

திண்டிவனத்தில் விதைக்கடை வைத்திருக்கும் நண்பர் தன் கடைக்கென்று ஓர் இணையதளம் நடத்துகிறார். மல்லாட்டை, உளுந்து, எள் விதைகளின் விலை, எந்தப் பட்டத்துக்கு எந்த ரகம், கையிருப்பு இருக்கிறதா என்பவைதான் அதில் இருக்கும். விழுப்புரத்தில் போட்டித்தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றின் தளத்தையும் நான் கவனித்துக்கொள்கிறேன். இரண்டிலும் கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பான ஜிஏ4-ஐ இணைத்து, வருகிறவர்கள் எந்தக் கருவியில் பார்க்கிறார்கள் என்று சொல்லும் பகுதியை மட்டும் தனியாகச் சோதித்தேன்.

விதைக்கடை நண்பர் முதலிலேயே மடக்கினார்: "எல்லாரும் மொபைல்லதான் பாக்குறாங்கன்னு எனக்குத் தெரியாதா சார்? அதுக்கு எதுக்கு ஒரு ரிப்போர்ட்டு?"

நியாயமான கேள்வி. இந்தியக் கைபேசிகளில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஆண்ட்ராய்டு என்று ஸ்டாட்கவுண்டர் தளம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிடுகிறது. 'மொபைல்' என்ற ஒரே சொல்லைத் தெரிந்துகொள்ளத்தான் என்றால் அனலிட்டிக்ஸ் தேவையே இல்லை. எவ்வளவு அகலத் திரை, எந்த பிரௌசர், எந்தப் பக்கத்தில் வந்து திரும்பிப் போகிறார்கள் என்று அடுத்த அடுக்குக்குப் போகும்போதுதான் இந்தக் கருவி உழைக்கிறது.

கூகுள் 2005-இல் அர்ச்சின் நிறுவனத்தை வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் இந்தச் சேவையை இலவசமாகத் திறந்துவிட்டது. பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு கணக்கெடுப்பதை நிறுத்திக்கொண்டது. அதில் பழகியவர்களுக்கு ஜிஏ4-இன் பட்டியல்கள் முதலில் வழி தெரியாத ஊராகத்தான் இருக்கும். ரிப்போர்ட்ஸ், அதற்குள் யூசர், அதற்குள் டெக், அதற்குள் டெக் டீடெயில்ஸ் என்று நாலு படி இறங்க வேண்டும். அங்கே அட்டவணையின் முதல் பத்தியை மாற்றிக்கொண்டே போனால் பிரௌசர், இயங்குதளம், திரை அளவு, கருவியின் மாடல் என்று ஒவ்வொன்றாக வரும். ஆய்வு அறிக்கைகளுக்கான தரவைத் தொடக்கத்தில் 2 மாதம் மட்டுமே வைத்திருக்கும். அமைப்புகளில் அதை 14 மாதமாக மாற்றுவதுதான் நிறுவியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை. ஆடிப்பட்டத்தையும் மார்கழிப்பட்டத்தையும் ஒப்பிட வேண்டிய கடைக்கு 2 மாதத் தரவு எதற்கும் காணாது.

எனக்கு மிகவும் பயன்பட்டது திரை அளவுப் பத்திதான். விதைக்கடைத் தளத்தில் 360, 393, 412 என்ற அகலங்களே மேலே வந்து நின்றன. பெட்டியின் மேல் எச்டி, ஃபுல் எச்டி என்று அச்சிட்ட போனாக இருந்தாலும், பிரௌசர் பக்கத்தை வரைவது இந்தச் சின்ன எண்ணை வைத்துத்தான். தளத்தை வடிவமைத்தவர் அகலமான மடிக்கணினியில் வரைந்திருந்தார். ரகம், வயது, பட்டம், முளைப்புத்திறன், விலை, கையிருப்பு என்று அட்டவணையில் ஆறு பத்திகள். 360 அகலத்தில் விலையும் கையிருப்பும் திரைக்கு வெளியே போய்விடும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. ரகங்களைத் தேடி வருகிற விவசாயி, பெயரைப் பார்ப்பார். விலை கண்ணில் படாது.

இதற்கு அறிக்கையிலேயே இன்னொரு தடயம் கிடைத்தது. கணினிகளின் பட்டியலில் விண்டோஸுக்கு அடுத்து லினக்ஸ் தெரிந்தது. மல்லாட்டை விலை பார்க்க லினக்ஸ் கணினியில் யார் வருவார்கள்? என் ஆண்ட்ராய்டு போனில் குரோமின் மெனுவைத் திறந்து 'டெஸ்க்டாப் சைட்' என்பதை டிக் செய்து அதே பக்கத்தைப் பார்த்தேன். அந்த வருகை லினக்ஸ் கணினியாகவே பதிவானது. பக்கம் வெட்டுப்படுவதால் சிலர் கணினி வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு, இரு விரலால் பெரிதாக்கிப் படிக்கிறார்கள் என்றுதான் இதற்கு நான் பொருள் கொள்கிறேன். உங்கள் தளத்திலும் காரணமில்லாமல் லினக்ஸ் தென்பட்டால், உங்கள் கைபேசிப் பக்கத்தை முதலில் சந்தேகப்படுங்கள்.

எல்லாப் பத்திகளையும் இதே அளவு நம்ப முடியாது. ஐபேட்ஓஎஸ் 13 வந்த 2019 முதல் ஐபேடின் சஃபாரி தன்னை மேக் கணினி என்றே சொல்லிக்கொள்வதால், டேப்லெட் எண்ணிக்கை குறைந்தும் கணினி எண்ணிக்கை கூடியும் தெரியும். ஐபோன் எந்த மாடல் என்று சொல்வதே இல்லை. ஆண்ட்ராய்டு குரோமோ 2023 முதல், சர்வருக்கு அனுப்பும் தன் அடையாள வரியில் மாடல் இருந்த இடத்தில் 'கே' என்ற ஒற்றை எழுத்தையும், ஆண்ட்ராய்டு பதிப்பாக எப்போதும் 10 என்பதையும் போட்டு அனுப்புகிறது. தனிநபரைப் பின்தொடர்வதைத் தடுக்கச் செய்த மாற்றம் இது. நான் அதை வரவேற்கிறேன். ஜிஏ4 வேறு வழியில் குரோமிடம் கேட்டு மாடலைப் பெற்றுக்கொள்கிறது என்றாலும், சர்வர் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு 'எல்லாரும் ஆண்ட்ராய்டு 10' என்று முடிவுகட்டுவது தவறு.

ஊர்ப் பத்தியும் நம் பக்கத்துக்கு உதவாது. கைபேசி இணைப்பின் ஐபி முகவரியை வைத்து ஊரைக் கணிப்பதால், செஞ்சியிலோ வானூரிலோ உட்கார்ந்து பார்க்கிறவர் சென்னைக்காரராகக் கணக்கில் ஏறிவிடக்கூடும்.

பயிற்சி மையத்தின் தளம் வேறு கதை சொன்னது. அங்கே கணினி வருகைகள் குறைவுதான். ஆனால் கணினியில் வருகிறவர்கள் பார்க்கும் பக்கங்கள் வினாத்தாள், பாடத்திட்டம், விண்ணப்ப வழிகாட்டி என்று அச்செடுக்க வேண்டியவையாக இருந்தன. எங்கள் மாவட்டத்தில் கணினி என்றால் வீட்டுக் கணினி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரௌசிங் சென்டர், இ-சேவை மையம், கல்லூரி ஆய்வகம் எல்லாம் அதில் அடங்கும். ஜிஏ4 ஒரு பிரௌசரை ஒரு பயனராக எண்ணுகிறது. பிரௌசிங் சென்டரின் ஒரே கணினியில் வரிசையாக வந்து உட்காரும் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒருவர். அம்மா, மகன், மகள் மூவரும் பகிரும் போனும் ஒருவர்தான். மாறாக, ஃபேஸ்புக்குக்குள்ளேயே ஒரு முறையும் குரோமில் ஒரு முறையும் திறக்கும் ஒரே மாணவி இருவராகிவிடுகிறாள். ஆகவே பயனர் எண்ணிக்கையைத் தலைக்கணக்காக விளம்பரத்தில் போடாதீர்கள். கணினி வருகை குறைவு என்று சொல்லி அச்சுக்கான பி.டி.எஃப்-ஐ நீக்கிவிடவும் வேண்டாம்.

இந்தக் கருவியின் பெரிய குறை, இது எண்ணாமல் விடுகிறவர்கள். அனலிட்டிக்ஸின் நிரல் போனுக்கு வந்து சேர்ந்து ஓடிய பிறகுதான் ஒரு வருகை பதிவாகும். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்க, பொறுமை போய் மூடிவிட்டவர் கணக்கிலேயே வரமாட்டார். பழைய போனும் பலவீனமான சிக்னலும் உள்ளவர்களே இப்படி அதிகம் விடுபடுவார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மின்சாரம் போய், கையில் மிச்சமிருந்த சார்ஜை வைத்துக்கொண்டு தகவல் தேடியவர்கள் எத்தனை பேர், எந்தப் பக்கத்தில் தோற்றுத் திரும்பினார்கள் என்பதை இப்படிப்பட்ட அறிக்கை காட்டாது. உதவி அதிகம் தேவைப்பட்ட நேரத்தில்தான் இதன் கண் மங்குகிறது.

இதற்குக் கைமருந்தாக நான் கண்டது கூகுள் சர்ச் கன்சோல். அதுவும் இலவசம், 16 மாதத் தரவு வைத்திருக்கும். அதன் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் 'டிவைசஸ்' என்று ஒரு பட்டி உண்டு. தேடலில் உங்கள் தளத்தைத் தட்டியவர்களை, உங்கள் பக்கம் திறப்பதற்கு முன்பே அது எண்ணிவிடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சில விளம்பரத் தடுப்பான்களும் அனலிட்டிக்ஸை மறிக்கும் என்பதால் இரண்டும் எப்போதும் ஒன்றாக இருக்காது. ஆனால் கணினியில் வித்தியாசம் சிறிதாகவும் கைபேசியில் பெரிதாகவும் இருந்தால், உங்கள் பக்கம் கைபேசிக்குக் கனமாக இருக்கிறது என்று அறியலாம். அனலிட்டிக்ஸ் நிரலே சுமார் நூறு கிலோபைட் எடை கூட்டுகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டியையும் சேர்த்தால் எடை இன்னும் ஏறும். வருகிறவர் எங்கே தட்டினார், தட்டியும் எங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று படமாகவே காட்டும் அருமையான கருவி அது. தொலைபேசி எண்ணைத் தட்டினால் அழைப்பு போகவில்லை என்பதை அதில்தான் பார்த்தோம். பிரச்சினையைக் கண்டுபிடிக்கும் வரை மட்டும் வைத்துவிட்டுக் கழற்றிவிடுங்கள். வாசகரின் நடமாட்டத்தைப் பதிவு செய்கிறோம் என்று தளத்தில் தெளிவான தமிழில் எழுதிவிடுவதும் நம் கடமை.

விதைக்கடையின் அட்டவணையை இப்போது ரகம், விலை, கையிருப்பு என்று மூன்று பத்திகளாகச் சுருக்கிவிட்டோம். மற்ற விவரங்கள் ரகத்தின் பெயரைத் தட்டினால் கீழே விரியும்.

என் தீர்ப்பு இது: ஐபேடையும் 'டெஸ்க்டாப் சைட்' வருகைகளையும் தவிர்த்தால், கருவி வகை, திரை அளவு, பிரௌசர் மூன்றுக்கும் ஜிஏ4-ஐ நம்பலாம். மாடல், ஊர், பயனர் எண்ணிக்கை ஆகியவற்றைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். சின்ன ஊரில் தளம் நடத்துகிறவர் மாதம் ஒரு முறை இந்த அறிக்கையைத் திறந்தால் போதும். அதோடு, விலை குறைந்த ஒரு ஆண்ட்ராய்டு போனை எடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் தளத்தை நீங்களே ஒரு முறை திறந்து பாருங்கள்.