ஆடு புலி ஆட்டம்

ஜவ்வாது மலையடிவாரத்துச் செங்கம் நடுகற்களுக்குப் பேர்போன வட்டாரம். ஆநிரை மீட்கப் போராடி மாண்டவர்களை அங்கே கல் நட்டு வணங்கினார்கள். அந்தக் கல்வெட்டுகளைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் நூலாக்கியது. வலியவனை எதிர்த்து நின்றவரைப் போற்றும் அந்த மண்ணுக்கு ஆடு புலி ஆட்டம் அழகாகப் பொருந்துகிறது.

திண்ணையில் கரித்துண்டால் ஒரு கூம்பு, சில குறுக்குக் கோடுகள், 23 புள்ளிகள். 3 புலிகளுக்குக் கூழாங்கல், 15 ஆடுகளுக்குப் புளியங்கொட்டை. செலவே இல்லை.

புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆட்டுக்குத் தாண்டவும் உரிமையில்லை, வெட்டவும் உரிமையில்லை. 15 ஆடுகளும் இறங்கும்வரை ஒன்றுகூட நகர முடியாது. விதியே ஒருபக்கம் சாய்ந்தது. பிறப்பைப் பார்த்து வழிமறித்த நம் சாதிக் கட்டுப்பாடும், 1948-க்குப் பின் தென்னாப்பிரிக்காவில் வந்த நிறவெறிச் சட்டங்களும் இப்படித்தான் சாய்ந்திருந்தன.

ஆனாலும் ஆடுகள் வெல்லும். முன்னால் நிற்கும் ஆட்டுக்குப் பின்னால் இன்னொன்று நின்றுவிட்டால் புலிக்குத் தாண்ட இடமில்லை. தனித்த ஆடு இரை, சேர்ந்தவை வேலி. ஒரு புலியையும் கொல்லாமல், வழியை மட்டும் அடைத்து முடக்குவதில்தான் இந்த ஆட்டத்தின் அழகு இருக்கிறது.

அடுத்த ஆட்டத்தில் பக்கம் மாறும்; புலியாக இருந்தவர் ஆடாக வேண்டும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். முதலில் ஆடுகளையே அவர்கள் கையில் கொடுங்கள்.