கா முணுமுணுத்தால் போதும்

2024-இலிருந்து வந்ததை வைத்துப் பார்த்தால் ராப் ரசிகன் குறை சொல்ல வாய் திறக்க முடியாது. கென்ட்ரிக் லமார் ட்ரேக்கை வெளுத்து வாங்கிய சூடு ஆறுவதற்குள், முன்னறிவிப்பே இல்லாமல் நவம்பரில் ‘ஜிஎன்எக்ஸ்’ஸை இறக்கினார். 12 பாட்டு, முக்கால் மணி நேரம், சதை போடாத ஆல்பம். அதே வருடம் டைலரின் ‘க்ரோமகோபியா’ வந்தது. 2025 ஜூலையில் கிளிப்ஸ் அண்ணன் தம்பி 16 வருட இடைவெளிக்குப் பிறகு ஒன்றுசேர்ந்து ‘லெட் காட் சார்ட் எம் அவுட்’டைக் கொடுத்தார்கள். இறந்துபோன அப்பா அம்மாவைப் பற்றிய அதன் முதல் பாட்டைக் கேட்டுவிட்டு அடுத்த பாட்டுக்கு உடனே போக என்னால் முடியவில்லை. பில்லி வுட்ஸின் ‘காலிவாக்’ இருக்கிறது. ‘ஆல்ஃப்ரெடோ’வின் இரண்டாம் பாகம் இருக்கிறது. எல்லாம் நல்ல சரக்கு. எல்லாவற்றையும் கேட்டேன்.

இருந்தும் வீட்டில் ராத்திரி ஹெட்ஃபோனை மாட்டினால் விரல் போவது 2024 ஆகஸ்டில் வந்த ‘த தீஃப் நெக்ஸ்ட் டு ஜீசஸ்’ பக்கம்தான். வெளிவந்து இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, அக்டோபர் 12 அன்று அதைப் பாடிய ராப்பர் கா போய்விட்டார். 52 வயது. அந்தத் துக்கத்தால்தான் இந்த ஆல்பத்தை இப்படித் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆகஸ்டிலேயே இதைத்தான் சொன்னேன். அவர் உயிரோடு இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

அவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி எனக்கு மனப்பாடம்: “டிரம் எங்கே?” தலை ஆடவில்லை, நெஞ்சில் பேஸ் இடிக்கவில்லை, காரில் போட்டால் தூக்கம் வருகிறது, இது எப்படி ஹிப் ஹாப் ஆகும் என்கிறார்கள். அரைமணி நேரம் தோடி ஆலாபனை கேட்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அங்கே மிருதங்கம் எங்கே என்று யாராவது எழுந்து கேட்டதுண்டா? காலப்பிரமாணம் பாடுகிறவர் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது, நாம் அதை நம்பி உட்கார்ந்திருக்கிறோம். காவும் அப்படித்தான். லூப் ஒன்று மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு பியானோ நறுக்கோ, கிடார் முனகலோ, தேவாலயக் கோரஸின் ஒரு துண்டோ. அந்த லூப் திரும்பி வந்து சேருமுன் அரை இமைப்பொழுது முந்தி அவர் அடுத்த வரியை எடுத்துவிடுவார். வல்லின ஒலிகள் விழுகிற இடங்களைக் கவனியுங்கள். கிக்கும் ஸ்னேரும் விழவேண்டிய இடத்தில் அவைதான் விழுகின்றன. டிரம்மைக் கழற்றிவிட்டு அந்த வேலையை நாக்குக்குக் கொடுத்திருக்கிறார். அதனால்தான் குரலை உயர்த்துவதே இல்லை. உயர்த்தினால் அந்தச் சின்னச் சின்ன அடிகள் கேட்காமல் போய்விடும்.

இந்தப் பாணிக்குக் காவும் ராக் மார்சியானோவும் சேர்ந்தே உரிமையாளர்கள். 2010-இல் வந்த மார்சியானோவின் ‘மார்க்பெர்க்’ இல்லாமல் இன்றைக்கு பஃபலோ ராப் பையன்களும் இல்லை, தயாரிப்பாளர் ஆல்கெமிஸ்ட் இன்று போடுகிற பாதி லூப்களும் இல்லை. மார்சியானோதான் உசத்தி என்று வாதாடும் ஆட்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. அவரிடம் மினுக்கு உண்டு, மிங்க் கோட்டு உண்டு, நகைச்சுவை உண்டு, சபையைக் கட்டிப்போடுகிற தோரணை உண்டு. ஆனால் அவருடைய ஒரு வெர்ஸை மூன்று முறை கேட்டால் மூன்று முறையும் ஒரே சுகம்தான் கிடைக்கிறது. கா வெர்ஸை மூன்றாம் முறை கேட்கும்போதுதான் முதல்முறை எதைத் தவறவிட்டோம் என்று தெரிகிறது.

காளமேகத்தைப் படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் காளமேகத்தின் சிலேடை சபைக்காகச் செய்தது. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பாடுகிற வித்தை அது. கா சொல்லவே மாட்டார். ஒரே ஒலியில் இரண்டு பொருளை மடித்து வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த பாருக்குப் போய்விடுவார். இங்கே ஒரு பஞ்ச்லைன் வைத்திருக்கிறேன் பார் என்று நிறுத்துவதில்லை, சிரிப்பதில்லை, பின்னால் யாரும் கத்துவதில்லை. ‘த நைட்ஸ் கேம்பிட்’ ஆல்பத்தில் ‘ஆஃப் த ரெக்கார்ட்’ என்று ஒரு பாட்டு. பழைய ராப் ஆல்பங்களின் பெயர்களை வரிசையாகக் கோத்தே ஒரு வாழ்க்கையைச் சொல்லியிருப்பார். பெயர்கள் தெரியாதவனுக்கு அது நியூயார்க்கின் ப்ரவுன்ஸ்வில் தெருவில் வளர்ந்த ஒருவனின் கதை. தெரிந்தவனுக்கு அவனுடைய அலமாரி முழுவதும் கண்முன் நடக்கும். முதல்தடவை எனக்குப் பாதிப் பெயர்தான் பிடிபட்டது. மீதியைப் பிடிக்கப் போய்த்தான் இரண்டு நல்ல பழைய ஆல்பங்கள் எனக்குக் கிடைத்தன.

அவருடைய பாதையே மெதுவான பாதை. 90-களில் நேச்சுரல் எலிமென்ட்ஸ் குழுவில் இருந்தார், விலகினார். இன்னொரு முயற்சியும் எடுபடவில்லை. நியூயார்க் தீயணைப்புத் துறையில் வேலைக்குச் சேர்ந்து கேப்டன் வரை உயர்ந்தார். 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்துக்கு ஓடியவர்களில் அவரும் ஒருவர். 35 வயதைத் தொட்டபிறகு, 2008-இல்தான் கைக்காசு போட்டு ‘அயர்ன் வொர்க்ஸ்’ வந்தது. அது வூ-டாங்கின் ஜிஸ்ஸா காதுக்குப் போய், அதே வருடம் அவருடைய ‘ப்ரோ டூல்ஸ்’ ஆல்பத்தில் ஒரு பாட்டு கிடைத்தது. பாட்டின் பெயர் ‘ஃபயர்ஹவுஸ்’. ராப்பில் 25 வயதானவனையே கிழவன் என்று ஒதுக்கிய காலத்தில் இது நடந்தது. 2012-இல் ‘க்ரீஃப் பெடிக்ரீ’ வந்தபோது பீட்டும் அவரே, வீடியோ இயக்கமும் அவரே. வெளியிட்ட கம்பெனியும் அவருடையதுதான். புது ஆல்பம் வந்தால் மன்ஹாட்டனில் மூடிப்போன ஃபேட் பீட்ஸ் கடை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்கள் கையில் தானே தட்டைக் கொடுத்து விற்றிருக்கிறார். பகலில் தீயணைப்பு வண்டியில் போகிற மனிதர் இவர் என்று பலருக்கு 2016-இல் நியூயார்க் போஸ்ட் எழுதியபோதுதான் தெரிந்தது. பாட்டு வரிகளைப் பிய்த்தெடுத்து, போலீஸுக்கு எதிரானவர் என்று அந்தப் பத்திரிகை அவரை இழுத்துவிட்டது. ஒருவன் உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்த நல்ல பெயரை நான்கு வரியைக் கத்தரித்து ஒட்டிக் கெடுத்துவிட முடிகிறது. எனக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் போகவில்லை.

ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு சட்டகம் வைத்துக்கொள்வது அவர் பழக்கம். ஒன்றுக்குச் சதுரங்கம். ஒன்றுக்குச் சாமுராய். ‘ஆர்ஃபியஸ் வெர்சஸ் த சைரன்ஸ்’ஸுக்குக் கிரேக்கப் புராணம். தயாரிப்பாளர் ப்ரிசர்வேஷனோடு 2015-இல் செய்த ‘டேய்ஸ் வித் டாக்டர் யென் லோ’வுக்கு ‘த மஞ்சூரியன் கேண்டிடேட்’ படம். அதில் பாட்டுகளுக்குத் தலைப்புகூடக் கிடையாது, நாள் எண் மட்டும்தான். கான்செப்ட் ஆல்பம் என்றாலே எனக்குச் சலிப்பு. சட்டகத்தைக் காட்டுவதிலேயே பாதிப் பாட்டு தீர்ந்துவிடும். காவிடம் சட்டகம் வெறும் சாரம். அதன்மேல் ஏறி நின்று அவர் பூசுவது ஒரே சுவரைத்தான்: 80-களின் ப்ரவுன்ஸ்வில், கிராக் விற்ற பையன்கள், பசி, செத்துப்போன சிநேகிதர்கள், தான் மட்டும் தப்பியதன் குற்ற உணர்வு. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்பவர்கள் இதைத்தான் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது குறையாகப் படவில்லை. ஆழ்வார்களும் ஒரே விஷயத்தைத்தான் பாடினார்கள்.

கடைசி ஆல்பத்தில் அவர் எடுத்துக்கொண்டது தேவாலயம். அடிமைகளை ஓட்டியவன் கொடுத்த வேதத்தையே அடிமையின் பேரன் ஏன் இன்னும் மார்போடு அணைத்துக்கொண்டிருக்கிறான் என்ற கேள்வி. கேள்வியைக் கேட்கிறவரே அந்தப் பாட்டுகளின்மேல் மயங்கியிருக்கிறார் என்பதுதான் இதில் விசேஷம். காஸ்பெல் பதிவுகளை எடுத்து, குரல்கள் எழும்பும் இடத்தை அப்படியே வைத்து லூப் செய்திருக்கிறார். கோரஸ் நம்பிக்கையோடு மேலே ஏறுகிறது. அதன் அடியில் இவர் குரல் முணுமுணுத்துச் சந்தேகப்படுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கிறோம். எது ஜெயிக்கிறது என்று அவர் முடிவு சொல்லவில்லை. ‘பியூட்டிஃபுல்’ வருகிற இடத்தில் வெளிச்சம் போட்ட மாதிரி இருக்கும். அந்தப் பாட்டுக்காகவே ஆல்பத்தை முதலிலிருந்து கேட்கவேண்டும், தனியாக எடுத்துக் கேட்டால் அதன் அருமை பாதியாகிவிடுகிறது.

தனியாக எடுத்துக் கேட்பதுதான் இன்றைய வழக்கமாகிவிட்டது. அமெரிக்க இசைத்தட்டுச் சங்கம் 2016-இல் தங்கத்தட்டு, பிளாட்டினத் தட்டுக் கணக்கில் ஸ்ட்ரீமையும் சேர்த்தது, 1,500 ஸ்ட்ரீம் ஓடினால் ஒரு ஆல்பம். பாட்டு எண்ணிக்கை கூடினால் கணக்கும் கூடும். அதன்பிறகு ‘கல்ச்சர்’ இரண்டாம் பாகத்தில் 24 பாட்டு, ‘ஸ்கார்பியன்’னில் 25 பாட்டு. போதாததற்கு டீலக்ஸ் பதிப்பு என்று வெளிவந்த வாரமே இன்னும் ஏழு எட்டைச் சேர்க்கிறார்கள். ‘இல்மாட்டிக்’ 10 தடம்தான், 40 நிமிடம்கூட இல்லை. புஷா டி 2018-இல் 7 பாட்டில், 21 நிமிடத்தில் ‘டேடோனா’வை முடித்தபோது அப்பாடா என்று இருந்தது. அது வழக்கமாகவில்லை. வெட்டி எறியத் தெரியாதவன் ஆல்பம் போடக்கூடாது என்பது என் கட்சி.

மிக்ஸ்டேப்பின் கதி இதைவிட மோசம். நான் ராப் கேட்கத் தொடங்கியதே மிக்ஸ்டேப்பில்தான். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காத்திருந்து இறக்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய வெற்று சிடியில் எழுதிக் கைக்குக் கை மாற்றிக்கொண்டோம். 2006-இல் லில் வெய்ன் ‘டெடிகேஷன் 2’வில் அடுத்தவன் பீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தனதாக்கினதை இப்படித்தான் கேட்டேன். நடுநடுவே டிஜே ட்ராமா கத்துவார், பாட்டை நிறுத்தித் திரும்ப ஓட்டுவார். அந்தக் கூச்சலும் சேர்ந்துதான் பாட்டு. அடுத்த ஜனவரியில் அட்லாண்டாவில் அவர் அலுவலகத்துக்குள் போலீஸ் புகுந்து ஆளையும் பிடித்துக்கொண்டு தட்டுகளையும் அள்ளிக்கொண்டு போனது. அந்தத் தட்டுகளால் விளம்பரம் பெற்ற கம்பெனிகள்தான் அந்தச் சோதனைக்குப் பின்னால் நின்றன. நம் மாயா அருள்பிரகாசமும் முதல் ஆல்பம் வருமுன் 2004-இல் டிப்லோவோடு போட்ட ‘பைரசி ஃபண்ட்ஸ் டெரரிசம்’ மூலம்தான் காதில் விழுந்தார். அனுமதி வாங்காத சாம்பிள்கள், அச்சமில்லாத கலவை. இன்று அதைக் கடையில் வைக்க எந்த வக்கீலும் விடமாட்டார்.

இப்போது மிக்ஸ்டேப் என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஃப்யூச்சர் 2024-இல் ‘மிக்ஸ்டேப் ப்ளூட்டோ’ என்று போட்டார். 17 பாட்டு, பெரிய கம்பெனி, முதலிடம். கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் எவனுடைய பீட்டையும் திருடவில்லை, யாரையும் சீண்டவில்லை, இலவசமும் இல்லை. அதை மிக்ஸ்டேப் என்றால் எதையும் மிக்ஸ்டேப் எனலாம். வெஸ்ட்சைட் கன்னின் ‘ஹிட்லர் வேர்ஸ் ஹெர்மீஸ்’ வரிசையில் பழைய வாசனை கொஞ்சம் அடித்தது. மற்றதெல்லாம் ஒப்புக்கு.

யோசித்துப் பார்த்தால் பழைய மிக்ஸ்டேப்காரர்களின் துணிச்சல் இந்த அமைதியான தீயணைப்புக்காரரிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. தானே செய்து, தானே அடுக்கி, முதலில் தன் தளத்தில் காசு கொடுத்து வாங்கச் சொல்லிவிட்டு, பிற்பாடுதான் ஸ்ட்ரீமிங்குக்கு விடுவார். பிடித்தவன் வாங்கட்டும், மற்றவன் காத்திருக்கட்டும். இந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

காவைப் புதிதாகக் கேட்க வருகிறவர்களை எல்லோரும் ‘க்ரீஃப் பெடிக்ரீ’யில் தொடங்கச் சொல்கிறார்கள். நான் 2020-இல் வந்த ‘டிசென்டன்ட்ஸ் ஆஃப் கெய்ன்’ என்பேன். அரைமணி நேரத்தை ஒட்டிய ஆல்பம், காயீன் ஆபேல் கதையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் தம்பியை அடித்துக் கொல்லும் தெருக்களைப் பற்றி. பத்துப் பாட்டு இருட்டிலேயே நடத்திக்கொண்டு போவார். பதினோராவதாக ‘ஐ லவ்’ வருகிறது. மனைவி மிமிக்கு ஒரு வெர்ஸ், அம்மாவுக்கு ஒன்று, நண்பன் கெவ்வுக்கு ஒன்று. அங்கே புராணம் கிடையாது, மடித்து வைத்த பொருளும் அதிகம் கிடையாது, இவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்த மனிதர் கையை விரித்துக் காட்டுகிறார். அதுவரை வந்த பத்துப் பாட்டையும் வரிசை மாற்றாமல் கேட்டுவிட்டு அந்தப் பாட்டுக்கு வாருங்கள். பிறகு டிரம் எங்கே என்று என்னிடம் கேளுங்கள், பேசலாம்.