மரபும் வேஷமும்: நிஞ்ஜாவை முன்வைத்து

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கவிதை எழுதுகிறவர். அவருடைய பையன் கராத்தே வகுப்புக்குப் போகிறான். கறுப்புத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு, பெரியவனானதும் நிஞ்ஜா ஆகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். நண்பர் விடவில்லை. ‘இன்னிக்கு ஒருத்தன் நிஜமாவே நிஞ்ஜாவா இருக்க முடியுமா?’ என்று கேட்டார். முடியாது என்றேன். அவன் செய்த காரியம் போய்விட்டது, அவனை ஏவிய பிரபு போய்விட்டான், மிச்சம் இருப்பது வேஷம் மட்டும்தான் என்றேன். ‘அப்ப இன்னிக்கு ஒருத்தன் கவிஞனாவும் இருக்க முடியாதுய்யா. பரிசில் குடுத்த ராஜாவும்தான் போயாச்சு’ என்றார். அன்று என்னிடம் பதில் இல்லை. இது அந்தப் பதிலுக்கான முயற்சி.

1

முதலில் வார்த்தை. ‘நிஞ்ஜா’ என்ற உச்சரிப்பு பரவலானது இருபதாம் நூற்றாண்டில்தான். அதே எழுத்துக்களைப் பழைய ஜப்பானியன் ‘ஷினோபி நோ மோனோ’ என்று படித்திருப்பான். ‘ஷினோபு’ என்ற வினைக்கு ஒளிதல், பொறுத்தல் என்ற இரண்டு அர்த்தமும் உண்டு. எழுத்தின் வடிவத்தில் மேலே கத்தியின் அலகு, கீழே இதயம். ஆக, இது அடிப்படையில் ஒரு வினை. ஒருவன் என்னவாக இருக்கிறான் என்பதை அது சொல்வதில்லை, அந்த இரவில் அவன் என்ன செய்கிறான் என்பதைச் சொல்கிறது. நம் காலம் இந்த வினையைப் பெயராக்கி, பெயரைப் பட்டமாக்கி, பட்டத்துக்கு ஓர் உடுப்பும் தைத்துவிட்டது.

தமிழில் இதற்குச் சரியான சொல் ‘ஒற்று’. இலக்கணத்திலும் ஒற்று உண்டு. புள்ளி வைத்த மெய், உயிர் ஏறாமல் இயங்காத எழுத்து. இந்த இரண்டு அர்த்தங்களும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்தது தற்செயலாகவே இருக்கட்டும். எனக்கு அது உபயோகமாக இருக்கிறது. ஒற்றனும் தனித்து ஒலிக்க மாட்டான். அனுப்பியவன் ஒருவன், போய்ச் சேர வேண்டிய எதிரியின் இடம் ஒன்று, திரும்பிக் கொண்டுவர வேண்டிய செய்தி ஒன்று. இந்த மூன்றும் இல்லாமல் அவன் இல்லை.

2

ஷினோபிகளின் ஊர்களாகப் பெயர்பெற்றவை இரண்டு: இன்றைய மிஎ மாகாணத்தில் இருக்கும் இகா, ஷிகா மாகாணத்தில் இருக்கும் கோகா. இரண்டும் மலை சூழ்ந்த பிரதேசங்கள். பெரிய பிரபு யாருக்கும் முழுக்கக் கட்டுப்படாமல், சிறு நிலக்காரக் குடும்பங்கள் தங்களுக்குள் கூடி நிர்வாகம் செய்துகொண்ட இடங்கள். உழுதவர்கள், சண்டையும் கற்றவர்கள், அந்த வித்தையை வெளியாருக்குக் கூலிக்கு விற்றவர்கள். 1579-இல் நொபுனாகாவின் மகன் படையெடுத்து வந்தபோது இகா அவனைத் துரத்தியடித்தது. 1581-இல் ஓதா நொபுனாகாவின் படை 40,000 பேருக்கும் மேலாக வந்து இகாவைச் சுட்டுப் பொசுக்கியது. மறு வருஷமே நொபுனாகா துரோகத்துக்குப் பலியானான். வெளியூரில் சிக்கிக்கொண்ட தொகுகாவா இயேயாசு இகா வழியாகத்தான் உயிர் தப்பி ஊர் போய்ச் சேர்ந்தான். அந்த நன்றிக்கு இகாக்காரர்களை வேலைக்கு அமர்த்திக்கொண்டான்.

என்ன வேலை? இதுதான் முக்கியம். 1603-க்குப் பிறகு யுத்தம் குறைந்தது, வேவுக்குத் தேவையும் குறைந்தது. இகாவிலிருந்தும் கோகாவிலிருந்தும் வந்தவர்கள் எதோ கோட்டையில் காவல்காரர்களாக நின்றார்கள். அவர்கள் முறைவைத்துக் காவல் இருந்த ‘நூற்றுவர் காவல்மனை’ டோக்கியோ அரண்மனையின் கிழக்குத் தோட்டத்தில் இன்றும் நிற்கிறது. ஹத்தோரி ஹான்ஸோவின் பெயர் ஒரு கோட்டை வாசலுக்கு வந்து, அந்த வாசலிலிருந்து ஒரு மெட்ரோ ரயில் பாதைக்கும் வந்துவிட்டது. சுவர் ஏறிக் குதித்தவர்களின் சந்ததி வாசலில் நின்று, உள்ளே போகிறவன் யார் என்று விசாரித்தது. மாதச் சம்பள உத்தியோகம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

கடைசிப் பெரிய காரியம் 1638-இல், ஷிமபாரா கலகத்தில். ஹாரா கோட்டைக்குள் கிறிஸ்தவ விவசாயிகள் முற்றுகையில் இருந்தார்கள். கோகாவிலிருந்து போனவர்கள் அகழியின் ஆழத்தையும் மதிலின் உயரத்தையும் தூரத்தையும் அளந்து சொன்னார்கள். உள்ளேயும் புகுந்தார்கள். ஆனால் உள்ளே பேசிய கியூஷு வட்டார வழக்கும் கிறிஸ்தவ வார்த்தைகளும் அவர்களுக்குப் புரியவில்லை என்று குறிப்புகள் கூறுகின்றன. மதிலைத் தாண்டிய ஒற்றன் மொழியில் தடுக்கி விழுகிறான். எந்த நிஞ்ஜா படத்திலும் இந்தக் காட்சியை நான் பார்த்ததில்லை.

இதற்குப் பிறகுதான் நூல்கள் வருகின்றன. ‘பன்ஸென்ஷூகாய்’ 1676-இல், 22 தொகுதிகளாக. ‘ஷோனின்கி’ 1681-இல். ஷிமபாரா முடிந்து நாற்பது வருஷத்துச் சமாதானத்துக்குப் பிறகு எழுதப்பட்டவை. கலை கையில் இருக்கும்போது யாரும் நூல் எழுதுவதில்லை, கையை விட்டுப் போகிற நேரத்தில்தான் எழுத்துக்கு வருகிறது. ‘பன்ஸென்ஷூகாய்’ வெடிமருந்துக்கும் ஏணிக்கும் முன்னால் நேர்மையான இதயத்தைப் பற்றிப் பேசுகிறது. திருடனுக்கும் ஷினோபிக்கும் வித்தியாசம் அங்கேதான் என்கிறது. 1789-இல் கோகாக்காரர்கள் இதே நூலை ஷோகுன் அரசின் அதிகாரியிடம் சமர்ப்பித்து, தங்கள் நிலையைச் சொல்லி ஆதரவு கேட்டார்கள். ரகசிய நூலை இணைத்து ஒரு மனு! என் நண்பரின் கேள்வியை, ‘இன்றைக்கும் நாங்கள் நிஞ்ஜாவாக இருக்க முடியுமா’ என்பதை, கோகாவே அன்று கேட்டுவிட்டது.

3

அந்தக் கறுப்பு உடை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் மேடையிலிருந்தும் சித்திரத்திலிருந்தும். கபுகி நாடகத்தில் கறுப்பு அணிந்து மேடைச் சாமான்களை நகர்த்துகிறவனைப் பார்வையாளன் ‘பார்க்காமல்’ இருக்கப் பழகியவன். கண்ணுக்குத் தெரியாதவன் என்பதற்கு அதுவே குறியீடு. ஹொகுசாய் 1817-இல் அச்சிட்ட சித்திரத் தொகுதியில் கறுப்பு உடையில் ஒருவன் கயிறு பிடித்து ஏறுகிறான். உண்மையான ஷினோபி அப்படி உடுத்திப் பகலில் தெருவில் நடந்திருந்தால் பத்தடி போயிருக்க மாட்டான். ‘ஷோனின்கி’ சொல்லும் வேஷங்கள் ஏழு: கூடைத்தொப்பி போட்டுக் குழல் ஊதும் கோமுஸோ துறவி, பௌத்த பிக்கு, மலைத் துறவி, வியாபாரி, தெருவில் வித்தை காட்டுகிறவன், சருகாகு ஆட்டக்காரன், ஏழாவதாகச் சாதாரண மனிதன். எனக்கு முக்கியமாகப் படுவது ஏழாவது வேஷம்.

வெகுஜன சினிமா இந்த ஏழையும் விட்டுவிட்டு எட்டாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தது. 1967-இல் ஜேம்ஸ் பாண்ட் படம், 1981-இல் ‘எண்டர் தி நிஞ்ஜா’, பிறகு வந்த குப்பை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டித் தள்ளுவது விமர்சனம் ஆகாது. ஜப்பானிலேயே வேறொரு தீவிரமான பார்வை இருந்தது. நவீன நாடகக்காரரான முராயாமா தொமொயோஷி 1960-இல் கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையில் ‘ஷினோபி நோ மோனோ’ நாவலைத் தொடங்கினார். 1962-இல் யாமமோட்டோ சாட்சுவோ அதைப் படமாக்கினார். அதில் பகைமை பூண்ட இரண்டு ஷினோபிக் கூட்டங்களின் தலைவர்களும் உண்மையில் ஒரே ஆள். இரண்டு பக்கமும் சாகிறவர்களின் உழைப்பு அவனுக்கு மூலதனம். ஷிராட்டோ சன்பெய்யின் சித்திரக்கதை ‘நிஞ்ஜா புகெய்ச்சோ’ விவசாயக் கலகங்களின் கதை. அதன் பக்கங்களையே காமிராவால் எடுத்து 1967-இல் ஒரு படமாக்கினார் ஒஷிமா. வரலாற்று நுணுக்கத்தில் இவர்கள் செய்த பிழைகளை யாரும் பட்டியல் போடலாம். ஆனாலும் ஏவப்படுகிறவனின் நிலை என்ன என்பதைப் பார்த்தவர்கள் இவர்கள்தான். உடுப்பைத் தைத்தவர்கள் அதைப் பார்க்கவில்லை.

4

இன்றைக்கு உரிமை கோருகிறவர்களை எடுத்துக்கொள்வோம்.

ஹட்சுமி மஸாகி (1931-இல் பிறந்தவர்) பல ‘பள்ளி’களின் வாரிசாகத் தன்னை அறிவித்து, உலகெங்கும் மாணவர்களைச் சேர்த்தார். அந்த வம்சாவளிகளின் தொன்மை சர்ச்சைக்குரியது. உடற்பயிற்சி என்ற வகையில் அது மதிக்கத்தக்கது, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கச்சை நிறமும் சான்றிதழும் கொடுத்து மாணவனைப் பொதுவில் கௌரவிக்கிற இடத்தில், ஒற்று முடிந்துபோகிறது. வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியவர். ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்கிற அரசன் தன் மறைவைத் தானே வெளியிட்டவன் ஆகிறான் என்று அதைக் கறாராக முடிக்கிறார். துறவி வேஷத்தையும் அவர் சொல்லியிருக்கிறார், ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியாமல் ஆள வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறார். இந்த அளவுகோல் இகாவுக்கும் பொருந்துகிறது.

எதிர்த் துருவத்தில் ஒனோடா ஹிரோ. ராணுவத்தின் நாகானோ வேவுப் பள்ளியின் ஃபுதமட்டா கிளையில் பயின்றவர். 1944-இல் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1974-இல் பழைய மேலதிகாரி நேரில் வந்து உத்தரவை வாசிக்கும் வரை காட்டை விட்டு வெளியே வராதவர். ஒளிதல், பொறுத்தல் இரண்டிலும் அவரை மிஞ்ச ஆள் இல்லை. இவரையாவது ஷினோபி என்று சொல்லலாமா? நான் நெடுநாள் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது இல்லை. அவரை அனுப்பிய சாம்ராஜ்யம் 1945-இல் போய்விட்டது. அவர் சேகரித்த செய்திக்குப் பெறுநர் இல்லை. அந்த முப்பது வருஷத்தில் அவரும் கூட இருந்தவர்களும் கொன்றது அந்தத் தீவின் எளிய மக்களை. உயிர் இல்லாத ஒற்று. காரியம் செத்த பிறகும் விசுவாசத்தை மட்டும் காப்பாற்றினால் அது மரபு ஆகாது, அதற்கு மற்றவர்கள் உயிரைக் கொடுக்க நேரிடும். வேஷத்தைக் கேலி செய்கிற நாம் இந்த ஆபத்தையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, படிப்பு. மிஎ பல்கலைக்கழகம் 2017-இல் நிஞ்ஜா ஆராய்ச்சி மையத்தையும் 2018-இல் முதுகலை வகுப்பையும் தொடங்கியது. 2020-இல் முதல் பட்டதாரி வெளியே வந்தார். நாற்பத்தைந்து வயதுக்காரர். ஷினோபிகள் பாதி நேரம் விவசாயிகள் என்று படித்துத் தெரிந்துகொண்டு, இகாவில் குடியேறி நெல்லும் காய்கறியும் பயிரிட்டவர். பத்திரிகைகள் இதைத் தமாஷாக எழுதின. எனக்கு இது தமாஷாகப் படவில்லை. திரும்ப எடுக்க முடிந்தது எது, முடியாதது எது என்று அவர் பிரித்துப் பார்த்திருக்கிறார். வேவு திரும்பாது, உழவு திரும்பும்.

கடைசியாகக் கவாகாமி ஜினிச்சி. 1949-இல் பிறந்தவர், பொறியாளராக வேலை பார்த்தவர், ‘கடைசி நிஞ்ஜா’ என்று பேசப்படுகிறவர். ஆறு வயதில் ஒரு குருவிடம் கற்கத் தொடங்கியதாகச் சொல்கிறார். அதற்கு ஆதாரம் பெரும்பாலும் அவருடைய வார்த்தைதான். அதை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். ஆனால் அவர் எடுத்த ஒரு முடிவு எனக்கு முக்கியம்: வாரிசு நியமிக்கப் போவதில்லை, இந்தக் காலத்தில் இந்த வித்தைக்கு இடம் இல்லை. தன் கையில் இருப்பது என்ன என்று தெரிந்தவன்தான் இதைச் சொல்ல முடியும். அது அவருடைய வம்சாவளியைவிட நம்பகமான சான்று.

5

என் வங்கி வேலையிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். கேஒய்சி படிவத்தை வாங்கிச் சரிபார்ப்பது என் அன்றாடம். பெயர், முகவரி, தொழில், புகைப்படம், கைரேகையோடு கட்டிய எண். அந்த ஏழு வேஷங்களும் செல்லுபடியான உலகத்தில் மனிதனின் அடையாளம் அவன் உடையில் இருந்தது. கூடைத்தொப்பி போட்டவன் துறவி, மூட்டை தூக்கியவன் வியாபாரி. கோமுஸோக்களின் ஃபுகே பிரிவையே 1871-இல் மெய்ஜி அரசு கலைத்துவிட்டது. அடையாளம் உடையை விட்டு ஏட்டுக்குப் போய்விட்டது. என் கவுண்ட்டருக்கு முன்னால் எவன் என்ன வேஷத்தில் வந்தாலும் நான் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறேன். ஒற்றர்கள் இன்றும் இருக்கிறார்கள், எல்லா அரசுகளும் வைத்திருக்கின்றன. அவர்கள் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள், காவல்மனையில் நின்ற இகாக்காரனின் வாரிசுகள். மலையில் உழுதுகொண்டு, தன் வித்தையைத் தானே விலை பேசிய அந்த மனிதன் அவர்களில் இல்லை.

இனி நண்பருக்குப் பதில். ராஜா போனதும் பாணன் போனான், வாஸ்தவம். பாட்டு போகவில்லை. ஏனென்றால் அது ராஜாவுக்குக் கொண்டுபோன செய்தி மட்டும் அல்ல. கேட்டவன் செத்த பிறகும் வேறொருவன் அதைக் கேட்க முடிகிறது. ஒற்றன் கொண்டுவந்த அகழியின் ஆழம் கோட்டை விழுந்த மறுநாள் வெறும் எண். ஷினோபி பெறுநரோடு முடிகிறான், கவிஞன் முடிவதில்லை. ஆனால் நண்பரின் கேள்வியில் ஒரு பாதி என்னிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது. யார் கேட்பார்கள் என்று யோசிக்காமல், கவிஞன் என்ற உடுப்பை மாட்டிக்கொண்டு, கச்சை நிறத்துக்கும் சான்றிதழுக்கும் காத்திருக்கிறவர்கள் நம்மிடையே இல்லையா? பெறுநர் போன பிறகும் காட்டில் உட்கார்ந்து, பழைய உத்தரவின் பேரில் சுட்டுக்கொண்டிருக்கிறவர்கள், விமர்சகர்களையும் சேர்த்து, இல்லையா? இதை எழுதும்போது என்னை நான் விலக்கிக்கொள்ளவில்லை.

பையனிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். அவன் அந்தத் துணியைத் தானே கழற்றுவான். கழற்றிய பிறகு ஏழாவது வேஷம் இருக்கிறது. அதைத்தான் நாம் எல்லோரும் போட்டுக்கொண்டு காலையில் வேலைக்குப் போகிறோம்.