பாயில் இல்லாத பெயர்

நூல், கம்பி, மரத்துண்டு, காகிதம் என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு எழுத்துகளைச் செய்து, படமெடுத்து, எழுத்துருவாக மாற்றுவது இன்றைய வடிவமைப்பு மாணவர்களுக்கு விருப்பமான பயிற்சி. விளைவதைச் 'சோதனை எழுத்துரு' என்கிறோம். செய்தவர் வடிவமைப்பாளர். திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் லெப்பை முஸ்லிம் பெண்கள் நெய்யும் கல்யாணப் பாய்களில் மணமக்களின் பெயரும் திருமண நாளும் இடம்பெறுகின்றன. அதுவும் கையால் செய்த எழுத்துதான். ஆனால் அதைக் 'கைவினை' என்கிறோம். நெய்தவளுக்குத் தனியாக ஒரு பெயரும் வைப்பதில்லை.

பாயை ஓர் எழுத்துப் பிரதியாகப் பார்த்தால் இந்தப் பாகுபாடு நிற்காது. கோரையை ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழிக்கிறார்கள். பருத்தி நூல் பாவு, கோரை ஊடை. இரண்டும் சேர்ந்து உருவாக்கும் கட்டங்களில் வளைவுக்கு இடமில்லை. படிப்படியாகத்தான் திரும்ப முடியும். தமிழோ வளைவுகளின் எழுத்து. நேர்க்கோடு ஓலையைக் கிழிக்கும் என்பதால் எழுத்து வட்டமானது என்பார்கள். ஓலை வளைத்ததைக் கோரை மறுபடி நிமிர்த்துகிறது. 'ண'வின் சுழிகளை எத்தனை படிகளில் இறக்குவது, எவ்வளவு இடைவெளி விட்டால் சுழி அடைபடாது என்பதெல்லாம் வடிவமைப்பு முடிவுகள். கோரை எவ்வளவு மெல்லிசோ, எழுத்தும் அவ்வளவு துல்லியம்.

எழுத்தின் வரலாறு ஓலையைச் சொல்கிறது, கல்லைச் சொல்கிறது, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சான உலோக எழுத்தைச் சொல்கிறது. பாயைச் சொல்வதில்லை. அது வீட்டுக்குள் விரிக்கப்படும் பொருள், பெண் செய்த பொருள்.

இந்த மறதி நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தின் மோனோடைப் நிறுவனத்தில், வடிவமைப்பாளர் தந்த படத்தை அச்செழுத்துக்கான துல்லியமான வரைபடமாக்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். புகழ் எழுத்துருவின் ஆண் வடிவமைப்பாளருக்குப் போனது. ஃபியோனா ராஸ், அலிஸ் சவுவா போன்ற ஆய்வாளர்கள் அந்தப் பெண்களை மீட்டெடுக்கத் தொடங்கியது அண்மையில்தான்.

டெல்லியின் ஹனீஃப் குரேஷி, தெருவோரப் பலகை ஓவியர்களின் எழுத்துகளை எழுத்துருக்களாக்கியபோது அவற்றுக்கு ஓவியர்களின் பெயரையே வைத்தார். 'பெயின்டர் கஃபீல்' அப்படி ஒன்று. நல்ல முன்மாதிரி. ஆனால் பலகை தெருவில் நிற்கிறது. எழுதுகிறவரைத் தெரு பார்க்கிறது. கீழே கையெழுத்திடவும் இடமிருக்கிறது. தறி வீட்டுக்குள் இருக்கிறது. ஊரார் பெயரையெல்லாம் நெய்கிறவளின் பெயர் பாயின் ஓரத்தில்கூட இல்லை.

பெயர் சின்ன விஷயமா? புதுக்கோட்டை மாவட்டத்தைக் கேட்டால் தெரியும். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது ஏராளமான பெண்கள் கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்தார்கள், சைக்கிளும் பழகினார்கள். கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களைக் கொண்ட அந்த மாவட்டத்தில், தன் பெயரைத் தானே எழுதுவது விடுதலையின் முதல் பாடமாக இருந்தது. நெசவுக்காரிக்கு எழுத்து கைவசம் இருக்கிறது. பெயரை இடும் உரிமைதான் இல்லை.

ஆகவே பாயிலிருந்து எழுத்துரு செய்யப்போகும் மாணவியிடம் கேட்க வேண்டியவை இரண்டு. எழுத்துருவுக்கு யார் பெயர்? விற்றால் வரும் பணத்தில் யாருக்கு எவ்வளவு? இவற்றுக்குப் பதில் இல்லாத சோதனை, பழைய சுரண்டலுக்குப் புதிய வடிவம் மட்டுமே.