இடமலைவும் காலமலைவும்: ‘லைஃப் ஆஃப் பை’ நாவலிலும் திரைப்படத்திலும் புதுச்சேரி

ஆய்வுச் சுருக்கம்

யான் மார்ட்டெலின் ‘லைஃப் ஆஃப் பை’ நாவலும் (2001), அதனைத் தழுவி ஆங் லீ இயக்கிய திரைப்படமும் (2012) புதுச்சேரியை உலகெங்கும் அறியச் செய்த படைப்புகள். இவற்றில் உள்ள வரலாற்றுப் பிழைகளையும் தகவல் பிழைகளையும் தண்டியலங்காரம் கூறும் ‘மலைவு’ என்னும் வழுவின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. கதையின் தேவை கருதி அறிந்தே செய்யப்பட்ட மாறுபாடுகளும், அறியாமையால் நேர்ந்த பிழைகளும் பிரித்துக் காட்டப்படுகின்றன. பின்னவை தனித்தனியே சிறியனவாயினும், புதுச்சேரிக்கெனத் தனித்த அரசியல் வரலாறு இல்லை என்னும் ஒரே தோற்றத்தை அவை உருவாக்குகின்றன என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: மலைவு, வழுவமைதி, புதுச்சேரி, நெருக்கடிநிலை, கீழூர், யான் மார்ட்டெல், ஆங் லீ

முன்னுரை

வரலாற்றைப் பின்புலமாகக் கொண்ட நாவலோ திரைப்படமோ வெளிவருந்தோறும் அதிலுள்ள பிழைகளைப் பட்டியலிடும் வழக்கம் தமிழ்ச் சூழலில் வேரூன்றியுள்ளது. 2022இல் ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படம் வெளிவந்தபோது உடை, அணிகலன், நெற்றிக்குறி ஆகியவை பற்றி நிகழ்ந்த விவாதங்கள் இதற்குச் சான்று. இத்தகைய பட்டியல்கள் பயனற்றவை அல்ல. ஆயினும், எல்லாப் பிழைகளையும் ஒரே தட்டில் வைத்து எண்ணுவதோடு அவை பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. எந்தப் பிழை படைப்பைப் பாதிக்கிறது, எது பாதிக்கவில்லை, எது பிழையே அன்று என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

இவ்வினாக்களை எழுப்புவதற்கு ஏற்ற படைப்பாக ‘லைஃப் ஆஃப் பை’ அமைகிறது. 2002இல் மான் புக்கர் பரிசு பெற்ற இந்நாவலின் முதற்பகுதி புதுச்சேரியில் நிகழ்கிறது. திரைப்படத்தின் படப்பிடிப்பும் 2011 சனவரியில் முத்தியால்பேட்டை செபமாலை அன்னை ஆலயத்தில்தான் தொடங்கியது. நடுக்கடலில் ஒரு சிறுவனும் புலியும் ஒரே படகில் உயிர்வாழ்ந்ததை வாசகர் நம்ப வேண்டுமாயின், அதற்கு முன்னர் அச்சிறுவன் வளர்ந்த ஊரை அவர் நம்ப வேண்டும். எனவே புதுச்சேரிப் பகுதியின் மெய்ம்மை இக்கதைக்கு வெறும் அலங்காரமன்று, அடித்தளம்.

மலைவு என்னும் அளவுகோல்

தண்டியலங்காரம் சொல்லணியியலின் இறுதியில் செய்யுள் வழுக்களைத் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் இடம், காலம், கலை, உலகம், நியாயம், ஆகமம் ஆகிய ஆறனோடும் முரண்படக் கூறுதல் மலைவு எனப்படும். ஓரிடத்துக்குரிய பொருளை வேறோர் இடத்துக்கு உரியதாகக் கூறுவது இடமலைவு. ஒரு காலத்துக்குரியதைப் பிறிதொரு காலத்தில் வைப்பது காலமலைவு. நிலத்தின் விளைபொருள், பருவத்தின் மலர் ஆகியவற்றை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட இவ்விலக்கணத்தை ஆட்சி எல்லைக்கும் ஆண்டுக் கணக்குக்கும் விரித்துக்கொள்வதில் தடையில்லை.

இம்மரபு தரும் மற்றொரு கருத்து இன்னும் முக்கியமானது. புலவன் கருதிய பயன் நோக்கி வருமாயின் வழுவும் அமைதி பெறும் என்பது அணியிலக்கணக் கொள்கை. ஆகவே ஒரு மாறுபாட்டைக் கண்டவுடன் அதைக் குற்றமென அறுதியிடாமல் இரண்டு வினாக்களைக் கேட்க வேண்டும். படைப்பு அதை அறிந்து செய்கிறதா? அம்மாறுபாடு கதையில் ஏதேனும் பணி செய்கிறதா? இரண்டுக்கும் விடை ‘ஆம்’ எனில் அது வழுவமைதி. இரண்டுக்கும் ‘இல்லை’ எனில் அது வழு.

அமைதி பெறுவன

புதுச்சேரித் தாவரவியல் பூங்கா 1826இல் பிரெஞ்சு ஆட்சியில் நிறுவப்பட்டது. பையின் தந்தை அங்கு நடத்தியதாக நாவல் கூறும் விலங்குக் காட்சிசாலை ஒருபோதும் இருந்ததில்லை. இதுவே மிகப்பெரிய தகவல் மாறுபாடு. எனினும் பிழை எனத் தக்கதன்று. காட்சிசாலை இன்றேல் கப்பலில் விலங்குகள் இல்லை. விலங்குகள் இன்றேல் கதை இல்லை. அப்பூங்காவில் உள்ள சிறுவர் தொடர்வண்டியை நாவல் மறவாமல் குறிப்பிடுவதால், உள்ளதை அறிந்தே இல்லாததைப் படைத்திருப்பது தெளிவாகிறது.

பையின் வாழ்வில் இரண்டு குமார்கள் வருகின்றனர். ஒருவர் இறைமறுப்பாளரான உயிரியல் ஆசிரியர். மற்றவர் சூஃபி நெறியினரான அடுமனைக்காரர். இருவர் பெயரும் சதீஷ் குமார். இவை தமிழ்நாட்டில் பரவலான பெயர்கள் என நாவல் அமைதி கூறுகிறது. ‘குமார்’ பரவலான பெயர்தான். ஆனால், புதுச்சேரியின் தமிழ் முசுலிம் ஒருவர் அப்பெயர் தாங்குவதை நம்புவது அரிது. தண்டியலங்காரச் சொல்லால் இதை உலகமலைவு எனலாம். எனினும் அறிவியலும் சமயமும் ஒரே பெயரில் எதிரெதிர் நின்று ஒரே சிறுவனை வளர்க்கின்றன என்னும் குறிப்பு இவ்வொப்புமையால்தான் உருவாகிறது. நடப்பியல் சற்றே தளர்ந்தாலும் கருத்தாக்கம் வலுப்பெறுகிறது. இதுவும் அமைதி பெறும்.

நேரு வீதி இந்தியக் காபி இல்லம், பெத்தி செமினேர் பள்ளி ஆகியவை மெய்யான இடங்கள். பெருங்கப்பல் கரையணையும் துறைமுகம் புதுச்சேரியில் இல்லாமையால் பையின் குடும்பம் சென்னையிலிருந்து கப்பலேறுவதும் பொருத்தமே. நகரத்தின் புறத்தோற்றத்தை ஆசிரியர் நன்கு அறிந்திருக்கிறார். பிழைகள் தோன்றுவது நகரத்தின் அரசியலைச் சொல்லும் இடங்களிலேயே.

காலமலைவு: 1950, 1954, 1962

புதுச்சேரியை அறிமுகப்படுத்தும் இடத்தில், இந்தியா குடியரசாகி ஏழு ஆண்டுகளே ஆன நிலையில் 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி அதனுடன் சேர்ந்ததாக நாவல் கூறுகிறது. இந்தியா விடுதலை பெற்றது 1947இல். குடியரசானது 1950 சனவரி 26இல். 1954இல் குடியரசுக்கு வயது ஏழன்று, நான்கு. விடுதலையும் குடியரசும் ஒன்றெனக் கொண்டமையால் நேர்ந்த எளிய பிழை இது.

அதே தொடரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1954 நவம்பர் 1 அன்று நிகழ்ந்தது நிர்வாக மாற்றம் மட்டுமே. ஒப்படைப்பு உடன்படிக்கை 1956 மே 28இல் கையெழுத்தாகி, பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குப் பின் 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. இந்த எட்டாண்டு இடைவெளி வெறும் சட்ட நுணுக்கமன்று. யார் எந்நாட்டுக் குடிமகன், எவர் பிரான்சு செல்லலாம், எவர் ஓய்வூதியம் பெறலாம் என்பன இங்குள்ள குடும்பங்கள் பலவற்றின் வாழ்வை முடிவு செய்தன. இன்றும் புதுச்சேரி இரு நாள்களையும் தனித்தனியே நினைவுகூர்கிறது.

திரைப்படம் இதை மேலும் சுருக்குகிறது. பிரெஞ்சுக்காரர் 1954இல் புதுச்சேரியைத் திருப்பித் தந்ததாகவும், அதை நினைவுகூர விரும்பிய நகரத் தலைவர்களுக்குப் பையின் தந்தை காட்சிசாலைத் திட்டத்தை முன்வைத்ததாகவும் படத்தின் தொடக்க உரை அமைகிறது. ‘தந்தார்கள்’ என்னும் ஒற்றை வினையில் நீண்ட போராட்டம் ஒன்று மறைந்துபோகிறது. 1936 சூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். 1954 மார்ச்சில் நெட்டப்பாக்கம் கொம்யூன் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேருள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர், எண்மர் எதிர்த்தனர். முடிவு எடுக்கப்பட்ட இடம் பிரெஞ்சுத் தெருக்கள் அல்ல, ஒரு சிற்றூர். திரைப்படத்தின் சொல் தேர்வில் இவ்வூர்கள் வரலாற்றின் செயலர் நிலையிலிருந்து பரிசு பெறுவோர் நிலைக்கு இறங்கிவிடுகின்றன.

இடமலைவு: 1974 முதல் 1977 வரை

நாவலின் கதைப்போக்கோடு நேரடித் தொடர்புடைய பிழை இனிவருவது. பையின் தந்தை நாட்டைவிட்டு நீங்க முடிவெடுப்பதற்கு நெருக்கடிநிலையே காரணம். 1976 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு தில்லியால் வீழ்த்தப்பட்டதை அவர் பொறுக்கவியலாத இறுதி அடியாகக் கொள்கிறார். தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது சனவரி 31 அன்று. ஒருநாள் வேறுபாட்டைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. கருதத்தக்கது வேறொன்று: புதுச்சேரி தமிழ்நாட்டின் பகுதியன்று.

புதுச்சேரிக்குத் தனிச் சட்டமன்றமும் அமைச்சரவையும் உண்டு. 1974 மார்ச் 6 அன்று பொறுப்பேற்ற எஸ். இராமசாமி தலைமையிலான அ.தி.மு.க. அமைச்சரவை மார்ச் 28 அன்று பதவி விலகியது. அன்று தொடங்கிய குடியரசுத் தலைவர் ஆட்சி 1977 சூலை 2 வரை நீடித்தது. மாநிலங்களுக்குரிய அரசமைப்புச் சட்டம் 356ஆம் கூறு இங்குப் பொருந்தாது. 1963ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் அரசாங்கச் சட்டத்தின் 51ஆம் பிரிவு இதற்கு வழிசெய்கிறது. ஆக, 1976இல் சென்னையில் அரசு கலைந்தபோது புதுச்சேரி ஏறத்தாழ ஈராண்டுகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின்றி இருந்தது. நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட 1975 சூன் 25 அன்றும் அதே நிலைதான். அரசியல் உணர்வுமிக்க புதுச்சேரிக் குடிமகன் ஒருவர் தம் சொந்தச் சட்டமன்றம் இல்லாமற்போனதை உணராமல் அண்டை மாநில அரசின் வீழ்ச்சிக்கு மட்டும் வருந்தினார் என்பது நம்பத்தக்கதாக இல்லை.

இங்கு ஒரு செய்தியை ஆசிரியர் சார்பாகக் கூற வேண்டும். குடும்பம் கப்பலேறும் நாள் 1977 சூன் 21. நெருக்கடிநிலை மார்ச் 21 அன்றே முடிந்து, இந்திரா காந்தியும் பதவியிழந்திருந்தார். எனினும் விலங்குகளை விற்றுப் பயண ஏற்பாடுகளைச் செய்ய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று என நாவலே கூறுவதால் இதை முரண் எனல் ஆகாது. ஆயினும் அந்த நாளுக்கு ஆசிரியர் அறியாத ஒரு பொருளும் உண்டு. அவர்கள் புறப்பட்ட பதினொராம் நாள் புதுச்சேரியில் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு அமைந்தது. இவ்வுண்மை தெரிந்திருந்தால் அப்பயணத்தின் அவலம் இன்னும் ஆழமுற்றிருக்கும். வரலாற்றுச் செய்தி கதைக்குச் சுமையாகாமல் வளமாகவும் அமைந்திருக்கக்கூடிய இடம் இது.

தமிழ்நாடு, புதுச்சேரி என்னும் வேறுபாட்டை வலியுறுத்துவது வெறும் நுணுக்கவாதம் எனத் தோன்றலாம். பிள்ளைச்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே நகரத்துக்குச் செல்பவர் புதுச்சேரி எல்லையை விட்டு வெளியேறி, பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் ஆகிய தமிழ்நாட்டு ஊர்களைக் கடந்தே மீண்டும் புதுச்சேரிக்குள் நுழைகிறார். பாகூர்ப் பகுதியிலும் கடலூர் மாவட்ட ஊர்களோடு எல்லைகள் பின்னிக் கிடக்கின்றன. மொழியும் உறவும் இருபுறமும் ஒன்றே. ஆட்சியும் சட்டமும் வேறு. இந்த இரட்டை நிலையே புதுச்சேரி வாழ்வின் அன்றாட உண்மை. அதை அழித்துவிட்டால் எஞ்சுவது, பிரெஞ்சுப் பெயர்ப்பலகை தாங்கிய தமிழ்நாட்டு நகரம் ஒன்றே.

திரைப்படத்தில் நெருக்கடிநிலை பயணத்துக்குக் காரணமாக இடம்பெறவில்லை. நகர மன்றத்தின் ஆதரவு நின்றுவிடுமோ என்னும் பொருளாதார அச்சம் அவ்விடத்தை நிரப்புகிறது. இதனால் நாவலின் இடமலைவு நீங்குகிறது. கூடவே அரசியலும் நீங்குகிறது. கடலோரப் பிரெஞ்சுத் தெருக்கள், வாய்க்கால், அதற்கு அப்பால் இந்தியப் பகுதி, முசுலிம்கள் வாழும் பகுதி எனப் படம் வரையும் வரைபடத்தில் கொம்யூன் ஊர்களும் மீனவர் குப்பங்களும் இல்லை. கடலைக் கருப்பொருளாகக் கொண்ட படத்தில் புதுச்சேரியின் கடல்சார் மக்கள் இடம்பெறாமை கவனத்துக்குரியது.

ஒரு மறுப்பும் விடையும்

கதையைச் சொல்பவர் கனடாவில் வாழும் பை. பல்லாண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொல்கிறார். எந்தக் கதை மெய் என்பதே நாவலின் வினா. எனவே பிழைகள் கதைசொல்லியின் நம்பகமின்மையைக் காட்டுவன என மறுக்கலாம். இம்மறுப்பு வலிமையானது. ஆயினும் நம்பகமின்மை கலை உத்தியாக வேண்டுமெனில் வாசகர் அதை உணர்வதற்கான குறிப்பு பனுவலில் இருத்தல் வேண்டும். கடற்பயணப் பகுதியில் அத்தகைய குறிப்புகள் நிரம்பியுள்ளன. இரண்டாவது கதை ஒன்றே தரப்படுகிறது. குடியரசின் வயதையோ தமிழ்நாட்டு அரசையோ குறிப்பிடும் இடங்களில் ஐயத்துக்கு எந்தச் சாடையும் இல்லை. அப்பிழைகளால் கதை பெறும் பயனும் ஒன்றில்லை. ஆகவே முன்னர்க் கூறிய இரு வினாக்களுக்கும் விடை ‘இல்லை’ என்றே அமைகிறது.

முடிவுரை

இல்லாத காட்சிசாலையும் ஒரே பெயருடைய இரு குமார்களும் கண்ணுக்கு உடனே தெரியும் மாறுபாடுகள். அவை வழுவமைதி பெறுகின்றன. குடியரசின் வயது, 1954ஆம் ஆண்டு இணைப்பு, 1976ஆம் ஆண்டு ஆட்சிக் கலைப்பு ஆகியவை எளிதில் கண்ணிற்படாதவை, அவையே வழுக்கள். பிழையின் அளவுக்கும் அதன் விளைவுக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பது இதனால் புலனாகிறது.

அறியாமல் நேர்ந்த பிழைகள் சிதறிக் கிடப்பனவல்ல. அவை அனைத்தும் ஒரே திசையைச் சுட்டுகின்றன. புதுச்சேரியின் விடுதலை பிறர் தந்ததாகிறது; அதன் அரசு அண்டை மாநிலத்தின் அரசாகிறது; அதன் சிற்றூர்கள் காட்சியிலிருந்து விலகுகின்றன. நாவலையும் படத்தையும் மட்டுமே அறிந்த ஒருவருக்கு இங்கு ஓர் அழகிய கடற்கரை இருந்தது தெரியும். கீழூர் இருந்தது தெரியாது. பிழை காணும் ஆய்வு ஒவ்வொன்றையும் எண்ணுவதோடு நில்லாமல் அவை சேர்ந்து காட்டும் திசையைக் காண முற்படுமாயின், அது குற்றம் கூறுதல் என்னும் நிலையிலிருந்து திறனாய்வு என்னும் நிலைக்கு உயரும். பிரபஞ்சனின் வரலாற்று நாவல்கள் உள்ளிட்ட புதுச்சேரிப் புனைவுகள் பலவற்றுக்கும் இம்முறையை விரித்துப் பார்க்க இடமுண்டு.